தக்காளி இலையில் இருப்பது ஊசிப்புழுவா, உருளைக்கிழங்கு அந்துப்பூச்சியா?

கேள்வி (மலைத்தோட்டம்):
தக்காளியும் உருளைக்கிழங்கும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் இருக்கு. இரண்டிலும் இலையில் கொப்புளம் மாதிரி வெளிர்த் திட்டு, பிரித்தால் உள்ளே புழு. எது எந்தப் புழு என்று வயலிலேயே சொல்ல முடியுமா? பொறியில் வைக்கும் ஒரே லூர் (ஆண் அந்தை இழுக்கும் வாசனை வில்லை) இரண்டுக்கும் போதுமா?

பதில் (புழுக்கண்):
இலையை வைத்து முடிவு செய்யாதீங்க. இரண்டுமே இலைத்தோலுக்கு நடுவே பச்சையத்தைத் தின்று அகலத் திட்டுதான் போடும். பாம்பு நெளிவு மாதிரிக் கோடு என்றால் அது பெரும்பாலும் இலைச்சுரங்க ஈ என்ற வேறு பூச்சியின் வேலை. புழுவின் நிறமும் ஏமாற்றும், இரண்டிலும் பச்சையும் இளஞ்சிவப்பும் வரும்.

நம்பத் தகுந்தது தலைக்கு அடுத்து முதுகில் இருக்கும் தகடு. 10 மடங்கு லென்ஸ் போதும். கிழங்கு அந்துவில் தகடு முழுக்கக் கரும்பழுப்பு. ஊசிப்புழுவில் தகடு வெளிறி, பின் ஓரத்தில் மட்டும் மெல்லிய கறுப்புப் பட்டை ஓடும். பொரித்த புதுப் புழுவில் இதைத் தேடாதீங்க, நன்றாக வளர்ந்ததையே எடுங்க. வளர்ந்த ஊசிப்புழு 8 மி.மீ. அளவு, மற்றது 12 மி.மீ. பக்கம் போகும்.

ஆய்வகத்துக்கு அனுப்புவதானால் புழுவை முதலில் கொதிக்கும் சூட்டுத் தண்ணீரில் போட்டு எடுத்து, பிறகு 70–80% ஆல்கஹாலில் வையுங்க. நேரே ஆல்கஹாலில் போட்டால் கறுத்துப்போய்த் தகடு தெரியாது.

பதில் (பொறிக்காரர்):
ஒரே லூர் போதாது. பெண் அந்து விடும் வாசனைப் பொருளே வேறு வேறு. தனித்தனிப் பொறி வையுங்க, ஒரே கையுறையோடு இரண்டு லூரையும் தொட வேண்டாம். தண்ணீர்ப் பொறியில் சில சொட்டு சோப்புக் கரைசல் விடணும், லூர் நனையக் கூடாது. பசை அட்டையில் செதில் உதிர்ந்த அந்தைப் பார்த்து இனம் சொல்வது சரிவராது, ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்த்தால்தான் உறுதி.

பெயரிலும் குழப்பம் வரும். டூட்டா அப்சொலூட்டா என்ற ஊசிப்புழுவை 2021-இல் கிழங்கு அந்தின் ஃப்தோரிமேயா பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். லூர் பாக்கெட்டில் இன்னும் பழைய பெயரைப் பார்க்கலாம்.

பதில் (கிழங்குக்காடு):
பிரித்தறிவது எதற்கென்றால், செய்யும் வேலை மாறும். ஊசிப்புழு உருளையில் பெரும்பாலும் இலை, தண்டோடு நின்றுவிடும். தக்காளியில் காம்புப் பக்கம் காயைத் துளைக்கும். தாக்கிய இலை, காயைப் பறித்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்க. குளோரான்ட்ரனிலிப்ரோலையே திரும்பத் திரும்ப அடித்தால் எதிர்ப்புத்திறன் வந்துவிடும், வேறு செயல்முறை உள்ள மருந்தோடு மாற்றி அடிக்கணும்.

கிழங்கு அந்து மண் வெடிப்பு வழியாகக் கிழங்குக்கே இறங்கும். அதனால் ஆழமாக நட்டு, வெடிப்பு தெரியாமல் மண் அணையுங்க. தோண்டிய கிழங்கை ராத்திரி வயலில் விடவே கூடாது, திறந்து கிடந்தால் அந்து அதன் கண்களில் முட்டையிடும். அந்த முட்டைதான் கிட்டங்கிக்குள் போய்ப் பெருகும். விதைக்கிழங்குக் குவியலின் மேலும் கீழும் உண்ணிச்செடி இலையை 2.5 செ.மீ. கனத்துக்குப் பரப்பி வைப்பது நல்ல பலன் தரும்.