எல்டிஎல் 162-லிருந்து 92-க்கு வந்துவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி (நீடாமங்கலம்)

அப்பாவுக்கு வயது 58, எட்டு வருடமாகச் சர்க்கரை. ஐப்பசியில் எடுத்த ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ரால் 246, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 162, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 36, டிரைகிளிசரைடு (ரத்தத்திலுள்ள இன்னொரு கொழுப்பு) 240. அடோர்வாஸ்டாட்டின் 20 மி.கி. தினம் ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். தை மாதம் பார்த்தால் எல்டிஎல் 92. "அதான் இறங்கிடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை" என்கிறார். முட்டை, கறி தொடாத வீடு. சமையலுக்கு "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று அச்சடித்த எண்ணெய்தான். பிறகு இது எங்கிருந்து வந்தது? மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது? அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

பதில் 1 (பொது மருத்துவம், தஞ்சாவூர்)

நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் சில வாரத்தில் பழைய 160-க்கே போய்விடும்.

கொலஸ்ட்ரால் மெழுகு மாதிரி, தண்ணீரில் கரையாது. அதனால் ரத்தத்தில் தனியாகப் போக முடியாமல், புரதம் சுற்றிய மூட்டையாகத்தான் போகும். சாப்பாட்டுக் கொழுப்பைக் குடல் கைலோமைக்ரான் என்ற பெரிய மூட்டையாகக் கட்டி, நிணநீர்க் குழாய் வழியாக ரத்தத்துக்கு அனுப்புகிறது. தசையும் கொழுப்புத் திசுவும் அதிலுள்ள டிரைகிளிசரைடை வழியிலேயே இறக்கிக்கொள்ள, மிச்சம் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் தன் பங்குக்கு விஎல்டிஎல் என்ற மூட்டையை அனுப்புகிறது. சரக்கு இறங்க இறங்க அது சுருங்கி, கடைசியில் கொலஸ்ட்ரால் மிகுந்த எல்டிஎல் ஆகிறது.

அந்த எல்டிஎல்லில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்வதும் கல்லீரல்தான். அதன் செல்களின் மேல் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்க என்றே ஏற்பிகள் இருக்கின்றன (இதைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு). அப்பாவிடம் அறுவடை நேரத்து நெல் கொள்முதல் நிலையத்தைச் சொல்லுங்கள். வண்டி வண்டியாக நெல் வரும்போது எடை போடுகிற இடம் ஒன்றே ஒன்று என்றால் மூட்டைகள் ரோட்டோரம் கிடந்து, மழையில் நனைந்து முளைத்துப்போகும். எடுக்க ஆளில்லாமல் ரத்தத்தில் சுற்றுகிற எல்டிஎல்லும் ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைந்து, அங்கே கெட்டு, தடிப்பாகப் படிகிறது. மாரடைப்பு அந்தத் தடிப்பு வெடிப்பதில்தான் பெரும்பாலும் தொடங்குகிறது.

கல்லீரல் செல் சொந்தமாகக் கொலஸ்ட்ரால் செய்ய ஒரு நொதி வேண்டும், எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ். அடோர்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் வகை மருந்துகள் அதை அடைக்கின்றன. உள்ளே தட்டுப்பாடு வந்ததும், செல் கூடுதல் ஏற்பிகளைச் செய்து மேலே நிறுத்தி, ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. ஒரு காண்டா (எடைத் தராசு) இருந்த இடத்தில் நாலு காண்டா வைத்தது போல. மாத்திரை நின்றால் கூடுதல் காண்டாவெல்லாம் போய்விடும், நெல் வரத்து மட்டும் நிற்காது.

கறி சாப்பிடாதவருக்கு எப்படி வந்தது என்றால், உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு உடம்பே செய்வது. தாவர எண்ணெய் எதிலுமே சொல்லும்படி கொலஸ்ட்ரால் கிடையாது, அதனால் அந்த அச்சுக்குப் பெரிய அர்த்தமில்லை. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பை. அது ஏற்பிகளைக் குறைக்கும். ரேஷன் பாமாயிலில் பத்தில் நாலு பங்குக்கு மேல், தேங்காய் எண்ணெயில் எட்டுப் பங்குக்கு மேல் அதுதான்.

இன்னொன்று: சர்க்கரையோடு எச்டிஎல்லும் 36 என்று குறைவாக இருப்பவருக்கு எல்டிஎல்லை 70-க்குக் கீழே கொண்டுவரப் பார்ப்போம். 92 போதாது. ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகச் சுமார் 6 சதவீதம்தான் இறங்கும். குடலில் உறிஞ்சுவதைத் தடுக்கும் எசெட்டிமைப் 10 மி.கி. சேர்த்தால், இருப்பதிலிருந்து இன்னும் 20 சதவீதம் போல் குறையும். எது சரி என்று அவரைப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

பதில் 2 (மருந்தாளுநர், கும்பகோணம்)

டாக்டர் சொன்னதோடு கொஞ்சம். அடோர்வாஸ்டாட்டினை எந்த நேரத்திலும் போடலாம், தினமும் அதே நேரம் என்பதுதான் முக்கியம். இரவில் போட வேண்டும் என்பது சிம்வாஸ்டாட்டின் போன்ற சீக்கிரம் வெளியேறும் மருந்துகளுக்கு. ஒருநாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது.

சளி, இருமலுக்குக் கிளாரித்ரோமைசின், பூஞ்சைக்கு இட்ராகோனசோல் எழுதினால், "அடோர்வா சாப்பிடுகிறேன்" என்று கட்டாயம் சொல்ல வேண்டும். கல்லீரல் அடோர்வாவை உடைக்கிற வழியை அவை அடைத்துவிடும். மருந்து ரத்தத்தில் தேங்கி, தசை பாதிக்கும். தோட்டத்தில் பம்ப்ளிமாஸ் காய்த்தால் அதையும் ஓயாமல் சாப்பிட வேண்டாம், காரணம் அதேதான்.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றி ஐயா. பத்து நாளாகத் தொடை வலிக்கிறது என்கிறார். வயல் வேலையா, மாத்திரையா?

பதில் 2 (மருந்தாளுநர், கும்பகோணம்)

வேலையால் வருவது பெரும்பாலும் உழைத்த இடத்தில் வலித்து, இரண்டு மூன்று நாளில் குறையும். மாத்திரையால் வருவது வழக்கமாக இரண்டு தொடையிலும் ஒன்றுபோல இருக்கும், உட்கார்ந்து எழக் கஷ்டப்படும். பத்து நாள் ஆகிவிட்டதால் டாக்டரிடம் காட்டி சிகே (தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), டிஎஸ்ஹெச் (தைராய்டு பரிசோதனை) இரண்டும் பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைந்திருந்தால் அதுவே எல்டிஎல்லை ஏற்றும், தசைவலிக்கும் இடம் கொடுக்கும். சிறுநீர் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் போனால் மட்டும் காத்திருக்க வேண்டாம். மாத்திரையை நிறுத்தி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பதில் 3 (ஆய்வகம், மன்னார்குடி)

அந்த 162 பெரும்பாலும் கணக்குப் போட்டு வந்த எண்: 246-இல் எச்டிஎல் 36-ஐயும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கான 48-ஐயும் கழித்தது. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு பொய் சொல்லும், நேரடி எல்டிஎல் கேட்க வேண்டும். 240-க்கு எண்ணெயை மட்டும் குறை சொல்ல முடியாது. மூன்று வேளையும் சோறு, இட்லி என்று போனால் மிஞ்சும் மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக்கி விஎல்டிஎல்லில் ஏற்றிவிடும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் இன்னும் ஏறும். அடுத்த முறை எச்பிஏ1சி-யும் (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) சேர்த்து எடுங்கள். மருந்து அளவு மாறினால் மாறிய நாளிலிருந்து ஆறு வாரம் கழித்து வாருங்கள். அதற்கு முன் எடுத்தால் முழுப் பலன் தெரியாமல் போகலாம்.