'கோர் பண்டிங்': ஆதார நிதி எனலாமா?

கல்முனைத் தங்கச்சிக்கு,

லக்சம்பேர்க்கின் வெளிநாட்டு உதவி பற்றிய கட்டுரைக்கு நீங்கள் கேட்ட சொல் பற்றி. 'கோர் பண்டிங்' (core funding) என்றால், இன்ன வேலைக்கு என்று குறிக்காமல் ஓர் அமைப்புக்குப் பொதுவாகக் கொடுக்கும் காசு. 'கருநிதி' வேண்டாம். பாதிப்பேர் கறுப்புப் பணம் என்று விளங்கிக்கொள்வார்கள், மீதிப்பேர் கருணாநிதி என்று வாசிப்பார்கள்.

'கட்டற்ற நிதி' கேட்க நன்றாக இருக்கிறது, பொருள்தான் பிழைக்கிறது. சனத்தொகையில் நம் அம்பாறை மாவட்டமளவுதான் அந்த நாடு. ஆனாலும் தேசிய வருமானத்தில் 1 வீதமளவை வெளிநாட்டு உதவிக்கு ஒதுக்குகிறது, ஐ.நா. 1970இல் வைத்த இலக்கே 0.7 வீதம்தான். அதில் ஒரு பங்கை ஐ.நா. சனத்தொகை நிதியம் போன்ற அமைப்புகளுக்கு, இந்த நாட்டுக்கு, இந்த வேலைக்கு என்று குறிக்காமல் கொடுக்கிறது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதில்லை. உடன்படிக்கை, கணக்காய்வு, ஆண்டறிக்கை எல்லாம் உண்டு. கட்டு இருக்கிறது, குறிதான் இல்லை.

'ஆதார நிதி' என்று வைப்போம். ஆதார வைத்தியசாலை என்று தினமும் சொல்கிற வாய்க்கு அது புதிதில்லை. எதிர்ச்சொல் 'குறித்தொதுக்கு நிதி'. 'செயற்றிட்ட நிதி' போதாது; சிறுவர் போசாக்கு என்று துறையை மட்டும் குறித்துத் தரும் காசும் உண்டே.

இந்த வேறுபாடு நம் கரைக்குப் புதிதா என்ன? சுனாமிக்குப் பிறகு வந்த காசில் நிறைய, வீடு, வள்ளம் என்று குறிக்கப்பட்டே வந்தது. வள்ளம் தேவைக்கு மேல் குவிந்த இடங்களும் உண்டு. கணக்காளர் சம்பளத்துக்கும் அலுவலக வாடகைக்கும் யாரும் குறித்துத் தரவில்லை. செயற்றிட்டம் முடிந்ததும் பெயர்ப்பலகை கழன்றது.

மட்டக்களப்பிலிருந்து

மறுமொழி:

அண்ணன், நல்ல சொல். ஆனால் ஒரு சிக்கல். இந்தியப் பத்திரிகைகளில் 'நிதி ஆதாரம்' என்றால் காசு வரும் வழி. இரண்டும் ஒரே பந்தியில் வந்தால் வாசிப்பவர் பாடு திண்டாட்டம்தான். அதனால் 'நிதி ஆதாரம்' வந்த இடங்களை 'நிதி மூலம்' என்று மாற்றிவிட்டேன். 'குறித்தொதுக்கு' கொஞ்சம் நீளம். அட்டவணைத் தலைப்பில் அடங்கவில்லை. அங்கே மட்டும் 'குறித்த நிதி' என்று போடுகிறேன்.

ஐ.நா.வும் உறுப்பு நாடுகளும் 2019இல் செய்த நிதியளிப்பு உடன்பாடு பற்றிய வரியில் வைத்துப் பார்த்தேன்: "அபிவிருத்திப் பணிகளுக்கான பங்களிப்பில் ஆதார நிதியின் பங்கை 2023க்குள் 30 வீதமாக்குவது இலக்காக இருந்தது." தட்டாமல் ஓடுகிறது. வேறு யாருக்கும் மறுப்பில்லையென்றால் சொற்பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.