ஆவியாகும் துளியில் நனோ துணிக்கைகள்: மேற்பரப்பிழுவிசை அளக்க உதவி வேணும்

வணக்கம் உறவுகளே, கிளிநொச்சியிலிருந்து எழுதுறன். இறுதி ஆண்டு செயற்திட்டத்துக்காக, ஊசி நுனியில தொங்கிற துளியைப் படம் பிடிச்சு, அதின்ர வடிவத்தையும் அடர்த்தியையும் வைச்சு மேற்பரப்பிழுவிசையை (திரவத்தின்ர பரப்பைச் சுருக்கிப் பிடிக்கிற விசை) கணிக்கிறன். காய்ச்சி வடிச்ச தண்ணியில பிரச்சினையில்லை, 25 பாகை செல்சியசில 72 மில்லிநியூட்டன்/மீற்றருக்குக் கிட்ட வருது. நிறைப்படி 1% சிலிக்கா நனோ துணிக்கை போட்டதுதான் படுத்துது: துளி வத்த வத்தப் பெறுமானம் இறங்கிக்கொண்டே போகுது.

துளி பாதியானால் செறிவு இரட்டிப்பாகும், அது விளங்குது. அடர்த்தியும் கூடும்; பழைய அடர்த்தியையே கணிப்பில போட்டால் விடை குறைவாத்தான் வரும். ஆனா அந்தப் பிழை ஒரு வீதம்கூட வராது. ஆவியாகேக்க துளி குளிரும், அதால இழுவிசை கூடவேணுமே தவிர குறையக்கூடாது. அப்ப துணிக்கையள் பரப்பில போய் ஒட்டுதா? வெறும் சிலிக்கா நீரை விரும்பிறது, லேசில பரப்புக்கு வராதே. துணிக்கை அடியில படியாமல் இருக்கச் சேர்க்கிற சவர்க்காரம் மாதிரியான பொருள்தான் காரணமோ எண்டு எனக்குச் சந்தேகம்.

இப்ப சோளகக் காத்து வேற அடிக்குது, துளி நிண்டு பிடிக்குதில்லை. ஈரப் பஞ்சு வைச்ச கண்ணாடிப் பெட்டிக்குள்ள அளந்தால் போதுமா? சவர்க்காரப் பொருள்தான் காரணமோ எண்டு அறிய, துணிக்கையைச் சுழற்றிப் பிரிச்சு, மேல நிக்கிற தண்ணியை மட்டும் அளந்து பாக்கவேணும். அதுக்கு ஒரு மையநீக்கி வவுனியா, யாழ்ப்பாணப் பக்கம் ஆராவது ஒழுங்கு செய்து தருவியளா?