ராஜஸ்தான்: மழையே இல்லாத பக்கத்தில் இத்தனை பெரிய நகரங்கள் எப்படி?

கேள்வி: தேர்வுமேசை

போட்டித் தேர்வுக்கு ராஜஸ்தான் பகுதியைப் படிக்கிறேன். மூன்று இடங்களில் இடிக்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலை பருவக்காற்றைத் தடுத்து மழை தருகிறது. ஆரவல்லியும் நீளமான மலைத்தொடர்தானே, அது ஏன் அப்படிச் செய்வதில்லை? மழையில்லாத மேற்கில் ஜோத்பூர், பிகானேர், ஜெய்சல்மேர் எல்லாம் எதை நம்பி எழுந்தன? கடைசியாக, மாநிலம் உருவான நாள் ஒரு புத்தகத்தில் 1949 மார்ச் 30, இன்னொன்றில் 1956 நவம்பர் 1. மாவட்டங்களும் 33, 50, 41 என்று ஆளுக்கொரு கணக்கு. எதை எழுதுவது?

பதில்: நிலவரை

மலையின் நீளத்தை விட அது நிற்கும் திசைதான் முக்கியம். ஆரவல்லி தென்மேற்கிலிருந்து வடகிழக்காக, குஜராத் எல்லையிலிருந்து டெல்லி வரை போகிறது. அரபிக்கடல் காற்றும் ஏறக்குறைய அதே திசையில் வீசுவதால், மலையில் மோதாமல் பக்கவாட்டில் நழுவிவிடுகிறது. வங்கக்கடல் கிளையோ கங்கைச் சமவெளி முழுக்கப் பெய்து தீர்த்த பிறகுதான் இங்கே வருகிறது. மிச்சமுள்ள ஈரத்தையும் ஆரவல்லியின் கிழக்குச் சரிவு வாங்கிக்கொள்ளும். ஜெய்சல்மேரில் ஆண்டுக்குச் சுமார் 200 மி.மீ. மழை என்றால், தென்கிழக்கே ஜாலாவாரில் 900 மி.மீ. அளவுக்குப் பெய்வது இதனால்தான்.

ஆறுகளையும் இந்த மலைத்தொடரை வைத்தே படியுங்கள். கிழக்கே பனாஸ் சம்பலில் கலக்க, சம்பல் யமுனைக்குப் போகிறது. மேற்கே அஜ்மீர் அருகே பிறக்கும் லூனி பாலோத்ராவைத் தாண்டியதும் உப்பாகி, கட்ச் உப்புச் சதுப்பில் முடிகிறது. மாநிலத்தில் ஆண்டு முழுதும் ஓடும் பெரிய ஆறு சம்பல் ஒன்றுதான். அணைகள், கோட்டா தடுப்பணை, ராவத்பாட்டா அணுமின் நிலையம் எல்லாம் அதன் கரையில் இருப்பது தற்செயல் அல்ல.

பதில்: கோட்டைவாசல்

மேற்கு நகரங்களை வளர்த்தது வணிகப் பாதை. சிந்து, முல்தான் பக்கத்திலிருந்து குஜராத்துக்கும் டெல்லிக்கும் போன ஒட்டக வணிகக் கூட்டங்கள் கட்டிய சுங்கம்தான் அரசுகளின் வருமானம். ஜெய்சல்மேர் (1156), ஜோத்பூர் (1459), பிகானேர் (1488) மூன்றும் அந்தப் போக்குவரத்தில் வாழ்ந்தவை. மும்பைத் துறைமுகம் வளர்ந்ததும் ஜெய்சல்மேர் சரியத் தொடங்கியது. 1947 எல்லைக்கோடு சிந்துப் பாதையை அடியோடு அறுத்தது.

தண்ணீருக்கு அவர்கள் கண்ட வழியைப் பலர் படிக்காமலே விடுகிறார்கள். ஜெய்சல்மேர்ப் பகுதியின் 'கடீன்' முறையைப் பாருங்கள். மழைநீர் பாறைச் சரிவில் ஓடிவந்து சேரும் தாழ்வான இடத்தில் நீண்ட மண்கரை போடுவார்கள். தேங்கிய நீர் மண்ணில் ஊறியதும், அந்த ஈரத்தை மட்டுமே நம்பிக் குளிர்காலத்தில் கோதுமையும் கடலையும் விளையும். கரையில் மிகைநீர் வழி வைக்காவிட்டால் ஒரு பெருமழையில் உடைந்துபோகும்.

ஜெய்ப்பூரின் கதை வேறு. பழைய தலைநகர் ஆம்பேரின் மலையிடுக்கில் இடம் போதாததால், மன்னர் இரண்டாம் சவாய் ஜெய்சிங் 1727-ல் சமவெளியில் கட்டிய நகரம் அது. திட்டம் ஒன்பது சதுரங்கள். வடமேற்கில் மலை குறுக்கிட்டதால் ஒரு சதுரத்தைத் தென்கிழக்கில் சேர்த்தார்கள். வரைபடத்தில் அந்தப் புடைப்பு இன்றும் தெரியும். இளஞ்சிவப்புப் பூச்சு 1876-ல்தான் வந்தது.

பதில்: எல்லைக்கல்

இரண்டு தேதியும் சரி, கேள்விதான் வேறு. சமஸ்தானங்களின் இணைப்பு ஏழு கட்டமாக நடந்தது. 1948 மார்ச் 18-ல் ஆல்வார், பரத்பூர், தோல்பூர், கரௌலி சேர்ந்து மத்ஸ்ய ஒன்றியம். 1949 மார்ச் 30-ல் ஜெய்ப்பூர், ஜோத்பூர், பிகானேர், ஜெய்சல்மேர் சேர்ந்தன. அதனால் அதுவே மாநில நாள். ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட அஜ்மீர் தனியாகவே இருந்து, அபு பகுதியோடு 1956 நவம்பர் 1-ல்தான் இணைந்தது. இன்றைய எல்லை முழுமையானது அன்று.

தலைநகரம் ஜெய்ப்பூருக்குப் போனதால் மற்ற நகரங்களுக்கும் பங்கு தர வேண்டியிருந்தது. உயர் நீதிமன்றம் ஜோத்பூர், வருவாய் வாரியம் அஜ்மீர், கல்வித் துறை பிகானேர், சுரங்கத் துறை உதய்பூர். பொருத்துக வகைக் கேள்விக்கு ஏற்ற பகுதி இது.

மாவட்டம் 41. 2023-ல் 33-லிருந்து 50 ஆக்கினார்கள். 2024 டிசம்பரில் ஒன்பதை நீக்கினார்கள். பரப்பிலும் பழைய புத்தகங்களில் கவனம் தேவை: 2000 நவம்பரில் சத்தீஸ்கர் பிரியும்வரை மத்தியப் பிரதேசமே பெரிய மாநிலம், அதன் பிறகுதான் ராஜஸ்தான்.

பதில்: நிலவரை

இந்திரா காந்தி கால்வாயையும் சேர்த்துப் படியுங்கள். பஞ்சாபில் சட்லஜும் பியாஸும் கூடும் ஹரிகேயில் தொடங்குகிறது. பணி ஆரம்பித்தது 1958. பாலையில் விளைச்சல் வந்தது, கூடவே வயலில் நீர் தேங்குவதும் உவர்ப்பும் வந்தன. ஹனுமான்கட் பக்கம் பல இடங்களில் மணலுக்குக் கீழே ஜிப்சம் படுகை இருக்கிறது. அளவுக்கு மீறிப் பாய்ச்சிய நீர் அதைத் தாண்டி இறங்காமல் மேலே ஏறுகிறது. வெயிலில் நீர் ஆவியாக, உப்பு மட்டும் வயலில் தங்கிவிடுகிறது. "நன்மை தீமைகளை விளக்குக" என்று கேட்டால் இந்தக் காரணத்தை எழுதாத விடை அரைகுறைதான்.