அந்தலூசியாவின் தபாஸ் கடைகளில் உண்ட அனுபவம்

தென் ஸ்பெயினின் அந்தலூசியா பகுதியில், பானத்தோடு உண்ணும் சிறு தட்டு உணவுகளான தபாஸ் எல்லாமே இலவசம் என்று நம்பிச் சென்று, பில் வந்தபோது மனம் நொந்ததாக நண்பர் ஒருவர் இங்கே எழுதியிருந்தார். அவருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வழக்கம் ஊருக்கு ஊர் மாறுகிறது என்பதை அவருக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. கிரனடா, ஹாயென், அல்மேரியா ஆகிய கிழக்குப் பக்கத்து ஊர்களில் ஒரு பானம் வாங்கினால் ஒரு சிறு தட்டு உணவு அதனுடனேயே வந்துவிடும். அதற்குத் தனி விலை இல்லை. செவில், மாலகா, காடிஸ் பக்கம் வந்தால் கேட்டு வாங்கும் ஒவ்வொரு தட்டுக்கும் பணம் கொடுக்க வேண்டும். அங்கே பானத்தோடு நான்கு ஆலிவ் காய்கள் வந்தால் அதையே உபசாரமாக எடுத்துக்கொள்ளலாம். இந்த எல்லைக்கோட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் அந்தலூசியாவில் வெளியே சாப்பிடுவதைப் போன்ற மகிழ்ச்சி வேறில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

கிரனடாவில் எந்தத் தட்டு வரும் என்பதைப் பெரும்பாலும் சமையற்கட்டுதான் தீர்மானிக்கிறது. அல்மேரியாவில் பல கடைகளில் பட்டியலிலிருந்து நாமே தேர்ந்தெடுக்கலாம். மது அருந்தாதவர்கள் தயங்கத் தேவையில்லை, குளிர்பானத்துக்கும் ஆல்கஹால் இல்லாத பீருக்கும் வழக்கமாகத் தபா உண்டு. என் துணைவியார் சைவம். கிரனடாவின் ரெயலேஹோ பகுதியில் ஒரு சிறு கடையில் பானம் சொல்லும்போதே இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று அவர் தெரிவித்தார். கல்லாவுக்குப் பின்னால் நின்ற முதியவர் தலையசைத்துவிட்டு உள்ளே போய், மெல்லிய வில்லைகளாக வறுத்த கத்தரிக்காயின் மேல் கரிய கரும்புப் பாகை ஊற்றி எடுத்து வந்தார். மாலகாவுக்குக் கிழக்கே ஃப்ரிஹிலியானா என்ற மலையூரில் இன்றும் காய்ச்சப்படும் பாகு அது. உப்பும் இனிப்பும் எண்ணெய்ச் சூடும் சேர்ந்த அந்தத் தட்டு விலையில்லாமல் வந்தது என்பதைவிட, கேட்ட சொல்லை மதித்துச் செய்து தந்தார் என்பதே எங்களுக்குப் பெரிதாக இருந்தது.

சைவ உணவுக்காரர்கள் ஸ்பெயினில் பட்டினிதான் கிடக்க வேண்டும் என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. கவனம் தேவை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். 'நான் சைவம்' என்று பொதுவாகச் சொன்னால் சூரை மீனும், ஹமோன் என்னும் உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடையின் துணுக்குகளும் தட்டில் இருக்க வாய்ப்புண்டு, ஏனெனில் அங்கே பலர் அவற்றை மேலே தூவும் சுவையூட்டியாகவே கருதுகிறார்கள். ஆகவே 'சின் கார்னெ, நி பெஸ்காதோ, நி ஹமோன்' என்று இறைச்சி, மீன், ஹமோன் மூன்றையும் தனித்தனியே சொல்லி மறுப்பது நல்லது. கோர்டோபாவின் சல்மொரேஹோ தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றை அரைத்துக் குளிரவைத்த கெட்டியான சூப். ஹமோனும் முட்டையும் தூவாமல் தரச் சொன்னால் முழுச் சைவமாகிவிடும். பாதாமும் பூண்டும் அரைத்துச் செய்யும் வெள்ளை நிற அஹோபிளாங்கோவும், வினிகரும் வெங்காயமும் சேர்த்த காடிஸ் பக்கத்து உருளைக்கிழங்கும் நமக்கு ஏற்றவை. உருளைக்கிழங்கின் மேல் மட்டும் சூரை மீன் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

செவில்லில் நான் பெரிதும் விரும்பிச் சென்ற இடம் எல் ரின்கோன்சீயோ. 1670-இல் தொடங்கப்பட்ட கடை என்பதால் பயணிகள் கூட்டம் மொய்க்கும் காட்சிப்பொருளாக மட்டும் இருக்குமோ என்று முதலில் ஐயப்பட்டேன். உள்ளே சென்றபோது அந்த ஐயம் விலகியது. மேலே வரிசையாகத் தொங்கும் ஹமோன்களுக்குக் கீழே உள்ளூர் மக்கள் நீண்ட மரப்பலகையின் மேல் முழங்கையை ஊன்றி நின்றுகொண்டு உண்கிறார்கள். பரிமாறுபவர் நாம் கேட்ட ஒவ்வொன்றின் விலையையும் நமக்கு முன்னால் அந்தப் பலகையின் மேலேயே சுண்ணக்கட்டியால் எழுதி, நாம் புறப்படும்போது கூட்டித் தொகை சொல்லி, பணத்தை வாங்கிக்கொண்டு துணியால் துடைத்துவிடுகிறார். கீரையும் கொண்டைக்கடலையும் சேர்ந்த அவர்களுடைய தட்டில் சீரகமும் பூண்டும் முன்னே வந்து நிற்கின்றன. வறுத்த ரொட்டியை அரைத்துச் சேர்ப்பதால் குழம்பு கெட்டிப்படுகிறது. சீரகத்தை அறிந்த நம் நாவுக்கு அந்த ஊரில் முதலில் உண்ண ஏற்ற தட்டு அதுவே என்பது என் எண்ணம். மீன் உண்பவர்கள் மாவில் தோய்த்துப் பொரித்த பகலாவோ என்னும் காட் மீன் துண்டையும் அங்கே தவறவிடக் கூடாது.

நின்றுகொண்டு சாப்பிடுவதைப் பற்றிச் சிலர் குறைப்பட்டு எழுதியிருந்ததால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பல கடைகளில் சிறு தட்டான தபா, கல்லாப் பலகையில் நிற்பவர்களுக்கு மட்டுமே கிடைக்கும். மேசையில் அமர்ந்தால் அரைத் தட்டு அல்லது முழுத் தட்டுதான், வெளித் திண்ணைக்கு விலையும் சற்றுக் கூடலாம். ஒரு கடையில் ஒரு தட்டு, ஒரு சிறு கோப்பை, பிறகு அடுத்த கடை என்று நகர்வதே அங்குள்ளவர்களின் முறை. ஒவ்வொரு கடைக்கும் கைவந்த பண்டம் ஒன்றிரண்டுதான் இருக்கும் என்பதால் ஒரே இடத்தில் அமர்ந்து முழுப் பட்டியலையும் கேட்பவருக்கு அந்த ஊரின் சுவை பிடிபடுவதில்லை. செவில் தேவாலயத்தை ஒட்டிய ஓர் உணவகத்தில், படங்கள் அச்சிட்ட பட்டியலைப் பார்த்து நாங்கள் உண்ட ஆறிப்போன பொரியலையும், கேட்காமலே வைத்துவிட்டு விலை போட்ட ரொட்டிக் கூடையையும் நினைக்கும்போது, இரண்டு தெரு தள்ளி உள்ளூர்க்காரர்கள் நெருக்கியடித்து நிற்கும் இடமே மேல் என்று தோன்றுகிறது.

மாலகாவில் எல் பாலோ கடற்கரையைச் சொல்லாமல் விட முடியாது. மணல் நிரப்பிய பழைய படகுகளில் விறகுத் தீ மூட்டி, கம்பியில் கோத்த மத்தி மீன்களைக் கல்லுப்பு மட்டும் இட்டுச் சுடுகிறார்கள். மே முதல் ஆகஸ்ட் வரை மத்தியில் கொழுப்பு ஏறியிருக்கும் என்பதால் அதுவே அதற்கான பருவம். அதே கரையில் எல் தின்தெரோ என்ற உணவகத்தில் பட்டியல் கிடையாது. பரிமாறுபவர்கள் கைநிறையத் தட்டுகளோடு மேசைகளுக்கிடையே நடந்தபடி பண்டத்தின் பெயரை உரக்கக் கூவுவார்கள், வேண்டியவர் கைகாட்டி வாங்கிக்கொள்ளலாம், முடிவில் மேசையில் உள்ள தட்டுகளை எண்ணிக் கணக்குச் சொல்வார்கள். அமைதியாக உண்ண விரும்புவோருக்கு அது ஏற்ற இடமில்லை. எனக்கு அந்தக் கூச்சல் மிகவும் பிடித்திருந்தது.

சன்லூகார் தெ பாராமேதா என்ற கடலோர ஊர் பலருடைய பயணத் திட்டத்தில் இடம்பெறுவதில்லை. அதற்கு அருகிலுள்ள ஹெரேஸ் நகர் வரை சென்றவர்கள் அங்கும் போய் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். கபில்தோ சதுக்கத்தில் உள்ள காசா பல்பினோவில் சென்னாக்கூனி போன்ற சிறு இறால்களை ஓட்டோடும் தலையோடும் கடலை மாவு, கோதுமை மாவுக் கரைசலில் கலந்து, வலைப்பின்னலாக விரியும்படி எண்ணெயில் ஊற்றிப் பொரிக்கிறார்கள். உள்ளே சென்று கேட்டு வாங்கி, நாமே வெளி மேசைக்கு எடுத்து வர வேண்டும். அந்த ஊரில் மட்டுமே பதப்படுத்தப்படும் மன்சானியா என்ற வெளிறிய மதுவைச் சில்லென்று உடன் வைத்து உண்பது அங்கத்திய வழக்கம். அதன் வறண்ட சுவை பொரியலின் எண்ணெய்த் தன்மையை உடனே கழுவிவிடுகிறது.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். மதிய உணவு இரண்டு மணிக்குத்தான் சூடுபிடிக்கும், இரவு உணவு ஒன்பதுக்குப் பிறகுதான். இடையில் பல சமையற்கட்டுகள் மூடியிருக்கும் என்பதால், குழந்தைகளோடு செல்வோர் மாலை ஆறு மணிக்கு உணவு தேடி அலையாமல் அறையில் பழமும் ரொட்டியும் வைத்துக்கொள்வது நல்லது. செவில்லில் ஆகஸ்ட் மாதம் வெயில் கடுமையாக இருக்கும், பழைய குடும்பக் கடைகள் பல விடுமுறைக்காக மூடியும் விடும். அக்டோபரிலோ மார்ச்சிலோ செல்ல முடிந்தால், மேலே சொன்ன கடைகள் பெரும்பாலும் திறந்திருக்கும்.