பழைய புரோகிராமைப் புதுசா மாத்தினப்போ மெஷின் உங்கள எப்படி அசிங்கப்படுத்துச்சு?

சாயத்தண்ணி:
இன்னும் ராத்திரி கரன்ட் போனா எனக்கு இதுதான் ஞாபகம் வருது. திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறை, டர்போ சி-ல (டாஸ் காலத்து சி கம்பைலர்) எழுதின, சாயத்த அளந்து விடுற டோசிங் புரோகிராம், எல்பிடி-ல, அதாவது பழைய பிரிண்டர் போர்ட்டுல, 378-ங்கிற அட்ரஸ்ல எட்டு பின்னுக்கு எட்டு ரிலே (கரன்ட்ல ஓடுற சுவிட்ச்), ஒவ்வொன்னும் ஒரு வால்வு. பழைய பெண்டியம் செத்துப்போச்சு, சரின்னு சி ஷார்ப்ல திருப்பி எழுதி, விண்டோஸ்லேருந்து போர்ட்ட நேரா தொட விடுற இன்ப்அவுட் டிஎல்எல் போட்டேன். புது போர்டுல எல்பிடி ஏது, பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு வாங்கினா அது 378-ல உக்காராம டி010-ங்கிற அட்ரஸ்ல போய் உக்காந்துக்கிச்சு, அதுக்கே ரெண்டு நாள் போச்சு. ஓடுச்சு. மூனாவது நாள் கரன்ட் போய் வந்துச்சு, பிசி தானா பூட் ஆச்சு, சிஸ்டம் ஏறும்போது பிரிண்டர் இருக்கான்னு போர்ட்டத் தட்டிப் பாக்கும்ல, அந்த நேரம் ரிலே அத்தனையும் டக் டக் டக்னு சரவெடி மாதிரி. தொட்டியில இருக்கறது வெள்ளைத்துணி, இறங்குறது நேவி ப்ளூ. நான் மெயின் எங்கன்னு தேடிட்டு ஓடுறேன், பழைய ஆபரேட்டர் அண்ணன் மெதுவா வந்து ரிலே பொட்டிக்குப் பின்னாடி இருந்த ஒரு சின்ன சுவிட்ச அமத்திட்டு "புரோகிராம் வந்தப்புறம்தான தம்பி இதப் போடோணும்"னாரு. தினமும் காலைல அவரு கையால பண்ணிட்டிருந்த வேலை, கோடுல ஒரு வரி கிடையாது, என்கிட்ட யாரும் சொல்லவும் இல்ல.

லாரிமேடை:
எனக்கு எடைமேடை. விபி6-ல (பழைய விஷுவல் பேசிக்) எம்எஸ்காம் வச்சு எழுதினது, நான் பைத்தான் பைசீரியலுக்கு மாத்தினேன், ரெண்டுமே சீரியல் போர்ட்டப் படிக்கிறதுக்கு. பழைய கோடுல ஒரு இடத்துல வர்ற எழுத்து வரிசைய (ஸ்ட்ரிங்) ரிவர்ஸ் பண்ணியிருந்தான், பைத்தியக்காரன் எதுக்கு பண்ணான்னு தூக்கிட்டேன். வீட்ல நானே எழுதின சிமுலேட்டர்ல எல்லாம் சரியா வந்துச்சு. அங்க போனா மண்ணு லாரி மேல நிக்குது, எடை காட்டுற இண்டிகேட்டர்ல 18320, என் ஸ்கிரீன்ல 02381. டிரைவர் எட்டிப் பாத்துட்டு "ஏங்க, என் வண்டி என்ன காத்தா?"ங்கிறார். அந்த இண்டிகேட்டர் கடைசி இலக்கத்த முதல்ல அனுப்புற டைப்பு. பின்னாடி நின்ன வண்டிங்க ஹாரன் இன்னும் காதுல இருக்கு.

டாஸ்பக்தன்:
ஓடுறத ஏன்டா நோண்டுறீங்க. டாஸ்பாக்ஸ்ல (பழைய டாஸ் புரோகிராம ஓட்டுற எமுலேட்டர்) போட்டுட்டு டீ குடிக்கப் போகலாம். டைரக்ட்சீரியல்னு கான்ஃபிக்ல ஒரு வரி போட்டா நிஜ காம் போர்ட்டே (சீரியல் போர்ட்) கிடைக்கும்.

சாயத்தண்ணி:
@டாஸ்பக்தன் என்னுது சீரியல் இல்லங்க, பேரலல். படிச்சுட்டு சொல்லுங்க.

நட்டுபோல்ட்டு:
எனக்கு ஒன்னே ஒன்னுதான், புட்டில (PuTTY, சீரியல் டேட்டாவப் பாக்குற புரோகிராம்) டேட்டா வரும், என் சி ஷார்ப் புரோகிராம்ல வராது, நாலு நாள் முடியப் பிச்சுக்கிட்டேன், கடைசில பாத்தா நடுவுல இருந்த ஐசொலேட்டர் (ரெண்டு பக்க கரன்டையும் பிரிக்கிற பொட்டி) டிடிஆர்-ங்கிற சிக்னல் லைன்லேருந்து பவர் எடுக்குது, சீரியல்போர்ட் கிளாஸ்ல அது டீஃபால்ட்டா ஆஃப்.

இருக்கட்டும், மேல சொன்னவங்களுக்கு சில விஷயம். சாயத்தண்ணி, சுவிட்ச நம்பாதீங்க, சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டுற வெட்டுற மெஷின்) போர்டுல சார்ஜ் பம்ப்னு ஒன்னு வரும், புரோகிராம் விடாம பல்ஸ் குடுத்தாதான் அவுட்புட் திறக்கும், அந்த மாதிரி ஒரு சர்க்யூட் போடுங்க. யூஎஸ்பி டூ பேரலல் கேபிள் யாரும் வாங்கிடாதீங்க, அது பிரிண்டருக்கு மட்டும்தான், போர்ட் அட்ரஸே இருக்காது. எஃப்டிடிஐ சிப் வச்ச யூஎஸ்பி டூ சீரியல் கேபிள்னா டிவைஸ் மேனேஜர்ல லேட்டன்ஸி (டேட்டாவக் குடுக்குமுன்ன காக்குற நேரம்) 16 மில்லிசெகண்ட்னு இருக்கும், சின்னச் சின்னதா கேட்டு பதில் வாங்குற புரோட்டோகால்னா அத 1 ஆக்குங்க. டர்போ சி-ல இன்ட் (முழு எண்) 16 பிட், இப்ப 32, 32767 தாண்டினா நெகட்டிவ் ஆகும்னு நம்பி எழுதின கோடெல்லாம் சத்தமில்லாம தப்பா ஓடும். பழைய டேட்டா ஃபைல ஸ்ட்ரக்ட்டா (பல ஃபீல்ட சேத்த ஒரே கட்டா) படிக்கிறவங்க பேக் 1 (நடுவுல காலி பைட் விடாதேன்னு கம்பைலருக்குச் சொல்றது) போடலைன்னா நடுவுல பைட் தள்ளிப்போகும். இன்னும் இருக்கு, அப்புறம் எழுதறேன்.

லாரிமேடை:
நாங்க கேட்டமா சார் 😄

ஸ்டெப்பர்செல்வம்:
பாலிடெக்னிக் லேப்ல ஸ்டெப்பர் மோட்டார் (பல்ஸுக்கு ஒரு அடி நகர்றது) டெமோ. பழசுல ஒவ்வொரு பல்ஸுக்கும் நடுவுல சும்மா 5000 தடவை சுத்துற ஒரு காலி ஃபார் லூப், அதான் டிலே. ஜிசிசி கம்பைலர்ல ஓ2 (கோட வேகமாக்கச் சொல்ற ஆப்ஷன்) போட்டு கம்பைல் பண்ணேன், கம்பைலர் காலி லூப் தானேன்னு துடைச்சுப் போட்டுருச்சு, பல்ஸுக்கு நடுவுல இடைவெளியே இல்லாமப் போச்சு. எச்ஓடி முன்னாடி ரன் குடுக்கறேன், மோட்டார் நகரல, ம்ம்ம்ம்னு முனகுது. பசங்க அத்தனை பேரும் சேந்து ம்ம்ம்னு முனக ஆரம்பிச்சுட்டானுங்க. இப்பவும் காரிடார்ல என்னப் பாத்தா எவனாவது ஒருத்தன் முனகறான்.

டாஸ்பக்தன்:
டாஸ்பாக்ஸ்ல சைக்கிள்ஸ் (ஓடுற வேகம்) குறைச்சு வச்சிருந்தா இது வந்திருக்காது.

ஸ்டெப்பர்செல்வம்:
யோவ்.

லாரிமேடை:
@சாயத்தண்ணி அந்தத் துணி என்னாச்சு?

சாயத்தண்ணி:
கறுப்பு முக்கி வேற ஆர்டர்ல தள்ளிட்டாங்க. எனக்கு வரவேண்டிய பாக்கிதான் இன்னும் வரல.