முயலகன் என்ன தப்புப் பண்ணினான்? பிள்ளைகளோடு மியூசியம் போன அனுபவங்கள்

அம்பத்தூர் அம்மா

எழும்பூர் மியூசியம், வெண்கலக் கூடம். போய் வந்து மூன்று வாரம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது. பையனுக்கு ஏழு வயது. டைனோசர், திமிங்கல எலும்புக்கூடு எல்லாம் முடிந்ததும், "அம்மாவுக்காக ஒரே ஒரு இடம்டா" என்று இழுத்துப் போனேன். திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் நின்று, படித்து வைத்திருந்ததை எல்லாம் ஒப்பித்தேன்: சோழர் காலம், சுற்றியிருந்த நெருப்பு வளையம், அதாவது திருவாசி, தொலைந்துவிட்டது, தூக்கிய திருவடி. குனிந்தால் பக்கத்தில் ஆளைக் காணோம். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். நடராஜரைப் பார்க்கவே இல்லை. காலுக்கு அடியில் கிடக்கிறானே முயலகன், அவனையே பார்க்கிறான்.

"இவன் என்னம்மா தப்புப் பண்ணான்?"

நான் சொன்னது: "எழுந்திரு, தரை அழுக்கு. ஆட்டோ வந்துடும்."

ஆட்டோ வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அவ்வளவுதான் கதை.

சாக்பீஸ் தூசி

எங்கள் கதை இதைவிடச் சின்னது. பள்ளிச் சுற்றுலா, 62 பிள்ளைகள், கையில் ஒரு மணி நேரம். வரிசையாக உள்ளே விட்டு வரிசையாக வெளியே கொண்டுவந்தோம். எழும்பூர் மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்று அந்தக் காலத்தில் பேர் வைத்தவர்கள் எங்களைப் பார்த்துத்தான் வைத்தார்களோ என்னவோ. "என்னடா பார்த்தீங்க?" என்றேன். ஒருவன் சொன்னான்: "முன்னாடி போனவன் முதுகு சார்."

அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். முதலில் பாத்ரூம், அப்புறம் தண்ணீர், அப்புறம்தான் கலை. பத்துக் கூடம் வேண்டாம், ஒரே ஒரு கல் போதும். நான் நேராக அமராவதிக் கூடத்துக்குத்தான் போவேன். அங்கே நளகிரி யானை இருக்கும் வட்டச் சிற்பம், சுமார் 2ஆம் நூற்றாண்டு. புத்தர் மேல் மதம் பிடித்த யானையை ஏவிவிட்ட கதைதான், ஆனால் கதையை முதலில் சொல்லிவிடாதீர்கள். "எத்தனை யானை இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். ரெண்டு என்று கத்துவார்கள். சும்மா இருங்கள். ஒரு பக்கம் ஆளைத் தூக்கி அடிக்கிறது, தெருவே அலறுகிறது, மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள். இன்னொரு பக்கம் மண்டி போட்டிருக்கிறது. யாராவது ஒரு பிள்ளைக்குப் பொறி தட்டும்: "சார், ரெண்டும் ஒரே யானை!" காமிக்ஸில் கட்டம் கட்டமாகப் போடுவதை அந்தச் சிற்பி கட்டமே இல்லாமல் செய்திருக்கிறான். பிறகு ஆளுக்கொரு பென்சில், ஒரு தாள். பேனா கூடாது. பத்து நிமிஷம் வரையச் சொல்லுங்கள். நாமும் உட்கார்ந்து வரைய வேண்டும், கைபேசி பையிலேயே இருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டிப் போகவே கூடாது, தூங்கிவிடுவார்கள்.

பெரிய கோயில் தெரு

சார், யானை சரி, வரையச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வரைய வராத பிள்ளைக்கு அது இம்போசிஷன். எனக்கு அப்படித்தான் இருந்தது, இன்றைக்கும் பென்சிலைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும்.

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் ரிஷபவாகனர் என்ற சிவன் இருக்கிறார் இல்லையா, திருவெண்காட்டுச் சிலை, 1011இல் செய்தது. சடையையே தலைப்பாகை மாதிரி சுற்றிக்கொண்டு, கால்மேல் கால் குறுக்கே வைத்து, ஒரு கையை மடித்து அந்தரத்தில் வைத்திருப்பார். எதிலோ சாய்ந்திருக்கிறார், அந்த எதுவோ இல்லை. அக்கா பிள்ளைகள் இரண்டு பேரிடமும் "கை ஏன் இப்படி இருக்கு?" என்றுதான் கேட்டேன். பெரியவன் "பைக்ல சாஞ்சு நிக்கிறார்" என்றான். சின்னவள் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி ரி-ஷ-ப வரை வந்தவள், "மாடு! மாட்டைக் காணோம்!" என்று போட்ட சத்தத்தில் கூடமே திரும்பியது. அடுத்த நிமிஷம் அவளே நாலு காலில் மாடாக நின்றுவிட்டாள், அண்ணன் அவள் முதுகில் கையை ஊன்றிக்கொண்டு சாமி. நான் பயந்துகொண்டே காவலுக்கு இருந்த அம்மாவைப் பார்த்தேன். எழுந்து வந்தார். செத்தோம் என்று நினைத்தேன். "கையை அப்படி ஊனாத தம்பி, தொங்க விடு. விரலைப் பாரு" என்றார்.

அப்போதுதான் நானே அந்த விரல்களைப் பார்த்தேன். ஒரு பாரமும் இல்லாமல் மாட்டின் மேல் போட்டு வைத்த கை.

வெறுங்கால்

என் பாட்டியை எழும்பூருக்குக் கூட்டிப் போனோம். வெண்கலக் கூடத்து வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அதைப் பார்த்து என் மகளும் ஷூவைக் கழற்றினாள். "இது கோயிலா, ஸ்கூலா?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை.

தேம்ஸ் கரை அப்பா

நாங்கள் லண்டனில். மகளுக்குப் பத்து வயது, பிரிட்டிஷ் மியூசியம் என்றால் அவளுக்கு மம்மிதான். அன்றைக்கு வழி தவறித் தாரா என்ற பௌத்தப் பெண் தெய்வத்தின் சிலைக்கு முன்னால் வந்து நின்றோம். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் எங்கேயோ கண்டெடுத்தது, 1830இல் பிரௌன்ரிக் என்ற இலங்கையின் பழைய ஆளுநர் கொடுத்தது. தங்கம் பூசிய வெண்கலம். என்னுடைய அம்மம்மா மட்டக்களப்பு. நான் அதைச் சொல்ல வாயெடுக்க முதல் பிள்ளை கேட்டாள்: "அப்பா, இவ எவ்வளவு உயரம்?"

143 சென்ரிமீற்றர். பள்ளிக்கூடத்தில் அந்தக் கிழமைதான் இவளுக்கு உயரம் அளந்தவர்கள், 141. கண்ணாடியோடு ஒட்டி நின்று தலைக்கு மேலே கை வைத்துப் பார்த்தாள். பிறகு தாராவைப் போலவே வலக்கையை விரித்துக் கீழே நீட்டினாள். "ஏதோ தாறா, ஆனா கையில ஒண்டும் இல்ல" என்றாள். கனநேரம் நின்றாள். அதன் பிறகு, "எங்கட ஊர் எண்டா ஏன் இங்க நிக்கிறா?"

மேலே எழுதின அக்கா, உங்களுக்காவது ஆட்டோ என்ற சாட்டு இருந்தது. நான் "மம்மி பார்ப்பம் வா" என்றேன்.

சாக்பீஸ் தூசி

@பெரிய கோயில் தெரு, இம்போசிஷன் என்று நான் எங்கே சொன்னேன்? மதிப்பெண் கிடையாது, திருத்துவது கிடையாது. வரைவது கைக்காக இல்லை, பத்து நிமிஷம் ஒரே இடத்தில் கண் நிற்பதற்காக. வராதவன் யானையின் காதை மட்டும் வரையட்டும். மாடாக நிற்பது இரண்டு பிள்ளைகள் என்றால் சரி. என்னிடம் 62 மாடு.

பெரிய கோயில் தெரு

😂 சரி சார், காது மட்டும் என்றால் நானும் வரைகிறேன்.

அம்பத்தூர் அம்மா

எல்லாருக்கும் நன்றி. இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று லீவு போட்டு அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். நேற்று வெள்ளிக்கிழமை. எழும்பூர் மியூசியத்துக்கு வார விடுமுறை. கேட்டைப் பார்த்துவிட்டு வெளியே நின்று ஆளுக்கொரு கரும்புச் சாறு குடித்தோம். அப்போது மெதுவாகக் கேட்டேன், "அன்னைக்கு நடராஜர் காலுக்கடியில ஒருத்தனைப் பார்த்தியே, அவன் என்ன தப்புப் பண்ணியிருப்பான்னு நினைக்கிற?"

ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டான்: "யாரு?"